ஏழு விநாடி

லுசாக்காவில் எங்கள் அருங்காட்சியகத்துக்கு இரண்டே அறை.
மழைக்கு ஒழுகும் கூரை.
கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில்லாத ஒரு கிட்டார்,
பக்கத்தில் காலகன்ற பேண்ட், இடுப்பளவு இருபத்தெட்டு.
யாருடையது என்று சீட்டில் இல்லை.
சீட்டு எழுதுவது நான்தான்.
எனக்குத் தெரியாது.

ஒரு இசைத்தட்டு தேடி
கிட்வேக்கு பஸ் ஏறினேன்.
குழுவின் பெயர் 'நான்காம் கூண்டு'.
சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் லிஃப்டின் பெயரும் அதுவே.
நால்வரில் மூவர் அதில் இறங்கி ஏறியவர்கள்.
பகலெல்லாம் செம்பு வெட்டிவிட்டு
ராத்திரி, செம்புக் கம்பி சுற்றிய காந்தத்தின்மேல்
கிட்டாரை அலறவிட்டவர்கள்.

முதல் கடை சிசோக்கோனே சந்தையில்,
கருவாட்டு மூட்டைக்கும் போன் ரிப்பேருக்கும் நடுவே.
தட்டு இருந்தது. ஓட்டிக் காட்டினான்.
இரண்டாம் பாட்டு. கிட்டார் தனியே ஏறுகிறது,
ஏறுகிறது, இன்னும் ஒரு படி,
டக்.
ஊசி எகிறி டிரம்ஸின் நடுவில் போய் விழுந்தது.
கீறல், என்றேன்.
விலையைக் குறைத்தான்.

இரண்டாவது, சலூனின் பின்னறை.
தலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள்
காலை மட்டும் மடக்கி வழிவிட்டார்கள்.
அதே பாட்டு, அதே ஏற்றம்.
டக்.
யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது ஒரு கட்டிலுக்கடியில்.
இம்முறை ஓட்டவில்லை, டார்ச் அடித்துப் பார்த்தேன்.
நான்கு வளையங்களைச் சாய்வாக அறுத்து ஒரே கோடு.
எண்ணிப் பார்த்தால் ஏழு விநாடி.
'அச்சுப் பிழை' என்று சொல்லி
ஜெர்மனிக்காரர்கள் கூடுதலாகத் தருகிறார்களாம்.

"அச்சா?" என்றாள் நான்காம் கடைக்காரி சிலேஷே.
வாயில் இருந்த பணியாரத்தை விழுங்கிவிட்டு
மேசை குலுங்கச் சிரித்தாள்.
"அது கபெம்பாவின் மோதிரம்.
நைரோபியில் ஸ்டூடியோ ஒரே நாள், வெளியே பஸ் நிற்கிறது,
அந்த இடத்தில் விரல் தப்பிவிட்டது.
இன்னொரு தரம் வாசிக்கக் காசில்லை.
இருநூறு தட்டு ரயிலில் வந்திறங்கியது.
கடைகடையாகப் போய்க் கீறினான்.
இங்கேயும் வந்தான்.
கல்லாவில் நான், வயது பத்தொன்பது.
கை வைத்தால் காசு என்றேன்.
கொடுத்தான்.
கீறி, இங்கேயே வைத்துவிட்டுப் போனான்.
அப்புறம் ஊர் வாங்கியது.
ஒரே தட்டை இரண்டு தரம் விற்ற மாதம்
எனக்கு அது ஒன்றுதான்."

எல்லாவற்றிலுமா, என்றேன்.

கொஞ்ச நேரம் என் ஷூவைப் பார்த்தாள்.
பிறகு கணக்கு நோட்டுகளுக்கு அடியிலிருந்து எடுத்தாள்.
உறை பிரியாத மாதிரி இருந்தது. பிரிந்திருந்தது.

கிட்டார் ஏறியது. அந்தப் படி வந்தது.
டக் இல்லை.
ஏறிக்கொண்டே போனது, கறுப்புக் கசடு மலையின்மேல்
யாரோ செருப்பில்லாமல் ஓடுவதுபோல.
மூன்று தரம் கேட்டேன்.
தப்பு எங்கே?
"ஐம்பது வருஷமாக நானும் தேடுகிறேன்" என்றாள்.
கிடைக்காதது மட்டுமில்லை,
காலையிலிருந்து மூன்று டக் கேட்ட காதுக்கு
அந்த ஏழு விநாடிதான்
யாரோ பின்னால் ஒட்டவைத்ததாகப் பட்டது.

என்ன விலை?
"விற்கிறதில்லை."
அருங்காட்சியகத்துக்கு, என்றேன்.
"அவன் கைக்குத் தப்பியது இது. கண்ணாடிக்குள் வைத்து
அவன் தப்பைக் காட்டவா?"

கீறியதையே வாங்கினேன்.
பேரம் பேசாமல் வாங்கியது அன்று அது ஒன்றே.
வாசலில் நின்று அந்தப் பேண்டைப் பற்றியும் கேட்டேன்.
"இருபத்தெட்டா? அந்த நாலு தடியன்களில்
ஒருவனுக்கும் தொடைக்குக்கூட ஏறாது."

இப்போது எங்கள் முதல் அறையில் ஹெட்போன் இருக்கிறது.
பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.
சீட்டில் எழுதியிருக்கிறேன்:
கிட்டார், கபெம்பா. கீறல், அவரே.
நேற்று ஒருத்தி மூன்றாம் முறை கேட்கும்போது
டக் வருவதற்கு முன்பே
தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

பேண்டின் சீட்டு
இன்னும் வெற்றாகத்தான் தொங்குகிறது.